பச்சைப் பெயிண்டுக்கு அடியில் இருக்கும் எண்கள்

ஏலத்தில் எடுத்த ராணுவ லாரி ஒன்றைச் சென்ற மாதம் என் பட்டறைக்கு ஓட்டிவந்தார் சங்ககிரிக்காரர் ஒருவர். அசோக் லேலண்ட் ஸ்டாலியன். இருபது வயதைத் தாண்டிய வண்டி. வழியில் மூன்று இடத்தில் நிறுத்தி ஆறவைத்துக் கொண்டுவந்திருந்தார். அப்படியும் பின் சக்கர டிரம் இரண்டும் தண்ணீர் பட்டால் ஆவி கிளம்பும் சூட்டில் இருந்தன. காற்றழுத்தத்தால் பிடிக்கும் ஏர் பிரேக் அது; பெடலிலிருந்து காலை எடுத்தாலும் சட்டென்று விடவில்லை.

அடியில் படுத்துப் பார்த்தேன். சேஸிஸின் குறுக்குச் சட்டத்தில் முஷ்டி அளவில் ஒரு வால்வு, அதன் அடிவாயில் ஒரு பித்தளை பிளக். எல்லாவற்றின் மேலும் பச்சைப் பெயிண்ட் திட்டுத் திட்டாக அப்பியிருந்தது.

"பிரேக்கை விடும்போதெல்லாம் அந்த ஓட்டையில் காற்று லீக் ஆனது அண்ணா. ஊரில் ஒரு மெக்கானிக் அடைத்துக் கொடுத்தார்" என்றார்.

தின்னரில் நனைத்த துணியால் துடைத்து, கம்பி பிரஷ்ஷால் தேய்த்ததும் வாய்களின் ஓரத்தில் எண்கள் தெரிந்தன. காற்று டேங்கிலிருந்து வரும் தடித்த குழாயிடம் 1. பூஸ்டர்களுக்கு, அதாவது காற்று நிரம்பிச் சக்கரத்தின் பிரேக்கை அழுத்தும் டப்பாக்களுக்குப் போகும் குழாய்களிடம் 2. பெடல் வால்விலிருந்து வரும் மெல்லிய குழாயிடம் 4. பிளக் போட்டிருந்த வாயில் 3. இது ரிலே வால்வு: பெடலின் கட்டளைப்படி டேங்க் காற்றைப் பூஸ்டர்களுக்கு விடுவது. காலை எடுத்ததும் பூஸ்டரில் உள்ள காற்று அந்த மூன்றாம் வாய் வழியாகத்தான் வெளியேற வேண்டும். அதை அடைத்தால் காற்றுக்குப் போக்கிடம் இல்லை, பிரேக் பிடித்தபடியே நிற்கும். பெடல் மிதித்திருக்கும்போதோ, காலை எடுத்துப் பூஸ்டர் காலியான பிறகும் நிற்காமலோ அங்கே காற்று கசிந்தால்தான் கோளாறு; அப்போதும் பிளக் மருந்தல்ல.

ஐஎஸ்ஓ 6786 என்ற சர்வதேசத் தரம் வகுத்த எண்கள் இவை. 1 காற்று வரும் வாய், 2 கொடுக்கும் வாய், 3 வெளியே விடும் வாய், 4 கட்டளைக் காற்று வரும் வாய். 21, 22 என்றிருந்தால் இரண்டு தனித்தனிச் சுற்றுகளுக்குக் கொடுக்கிறது என்று பொருள். அமெரிக்க வால்வுகளில் எண்ணுக்குப் பதில் எஸ்யுபி (வரும் வாய்), டிஇஎல் (கொடுக்கும் வாய்), இஎக்ஸ்எச் (வெளியே விடும் வாய்) என்ற எழுத்துகள் இருக்கும். என் அனுபவத்தில், பாகத்தின் பெயரைத் தேடி அலைவதைவிட எந்தக் குழாய் எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்று சாக்கட்டியால் தரையில் வரைந்துவிடுவது மேல். பாதிப் பாகங்களின் வேலை வரையும்போதே விளங்கிவிடும்.

ராணுவ வண்டியில் நிறத்தை நம்ப முடியாது. டிரெய்லர் இணைப்புகளில் ஐரோப்பிய வழக்கப்படி சிவப்பும் மஞ்சளும், அமெரிக்க வழக்கப்படி சிவப்பும் நீலமும் இருக்க வேண்டும். பெயிண்ட் அடித்தவர் அதையெல்லாம் பார்த்திருக்க மாட்டார். காற்றுக் குழாய் எல்லாமே பிரேக்குக்கு என்றும் எண்ண வேண்டாம். ஓர் அச்சின் இரு சக்கரங்களையும் சேர்த்துச் சுழலவைக்கும் டிஃபரன்ஷியல் லாக், முன் அச்சை இணைக்கும் சிலிண்டர், சில பழைய வண்டிகளில் வைப்பர்கூடக் காற்றில்தான் வேலை செய்யும்.

அமெரிக்காவின் எம்35 ஏ2 லாரி இன்னொரு விதம். அதன் சேஸிஸில் காற்று டேங்க் போலத் தெரியும் ஓர் உருளை உண்டு. அதை ஏர்பேக் (air pack) என்பார்கள். காற்றின் அழுத்தத்தை வாங்கி பிரேக் ஆயிலைத் தள்ளுவது அது. சக்கரத்தில் இருப்பது ஆயில் பிரேக். காரில் விபத்தின்போது உப்பும் ஏர்பேக்குக்கும் (air bag) இதற்கும் சம்பந்தமில்லை. அமெரிக்க ராணுவம் பின்னாளில் சிலிகான் ஆயிலுக்கு மாறியது. உள்ளே இருப்பது எது என்று தெரியாமல் மேலே வேறு ஆயிலை ஊற்றக் கூடாது.

இனி, நான் பயப்படுகிற ஒரே பாகம். பின் சக்கரத்தில் ஒன்றின் பின் ஒன்றாக இரண்டு டப்பா ஒட்டினாற்போல் இருந்தால் அது ஸ்பிரிங் பிரேக். பின் டப்பாவுக்குள் ஏறத்தாழ ஒரு டன் விசையுள்ள ஸ்பிரிங் அடங்கிக் கிடக்கிறது. டேங்கைத் திறந்து காற்றை இறக்கிவிட்டால் ஆபத்தில்லை என்று நினைப்பவர்கள் பலர். காற்று இறங்கும்போதுதான் அந்த ஸ்பிரிங் பிரேக்கைப் பிடிக்கிறது. காற்றே இல்லாவிட்டாலும் அதன் விசை அங்கேயே இருக்கும். ஸ்பிரிங்கைச் சுருக்கிப் பூட்டும் போல்ட்டைப் போடாமல் அச்சிலிருந்து அதைக் கழற்றக் கூடாது. பின் டப்பாவின் வளையத்தையோ எந்த நிலையிலும் தொடக் கூடாது. துருப்பிடித்திருந்தால் முழுதாக மாற்றிவிடுங்கள். நான்கூட அதைப் பிரிப்பதில்லை.

சங்ககிரிக்காரர் வண்டியில் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, டேங்குகளை வடித்த பிறகு பிளக்கைக் கழற்றினேன். தேங்கியிருந்த காற்று புஸ்ஸென்று முகத்தில் அடித்தது. ரிலே வால்வில் ஒரு குறையும் இல்லை. பிரேக் லைனிங்தான் கருகிப் போயிருந்தது. அதற்கு மட்டும் பில் போட்டேன்.