ஒரு வருஷ நர்சிங் சான்றிதழோடு வருகிறவர்களுக்கு

நான் சொல்லித் தரும் நர்சிங் பள்ளியில், அட்மிஷன் சமயத்தில் என்னைத் தேடி வரும் முப்பது தாண்டிய பெண்கள் எல்லாரும் கேட்பது, "மேடம், இந்த வயசுல சேர்த்துப்பீங்களா?" என்பதுதான். நான் திருப்பிக் கேட்பது, "பிளஸ் டூவுல என்ன குரூப் எடுத்தீங்க?"

இரண்டு வருஷத்துக்கு முன் வந்தவருக்கு வயது 34. பையிலிருந்து லேமினேஷன் போட்ட சான்றிதழ் ஒன்றை எடுத்து வைத்தார். ஒரு வருஷ 'நர்சிங்' டிப்ளமோ. அதைக் கொண்டு எட்டு வருஷமாக ஒரு சின்ன கிளினிக்கில் ஊசி போடுகிறார், டிரிப் ஏற்றுகிறார். நோயாளிகள் அவரை சிஸ்டர் என்றே கூப்பிட்டார்கள். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை கேட்கப் போய், அங்கே கவுன்சில் பதிவு எண் கேட்ட பிறகுதான் அவருக்கு விஷயம் புரிந்திருக்கிறது.

நர்ஸாக வேலை பார்க்க மாநில நர்சிங் கவுன்சிலில் பதிந்திருக்க வேண்டும். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு அந்தப் பதிவைத் தரும் படிப்புகள் இரண்டு வருஷ ஏ.என்.எம். (துணை நர்ஸ், பிரசவ உதவி), மூன்று வருஷ ஜி.என்.எம். (பொது நர்சிங், பிரசவ உதவி டிப்ளமோ), நான்கு வருஷ பி.எஸ்சி. நர்சிங். ஆறு மாதத்திலும் ஒரு வருஷத்திலும் முடிகிற படிப்பு உதவியாளர் வேலைக்கு ஆகலாம், நர்ஸ் பதிவுக்கு ஆகாது. பலகையில் நர்சிங் என்று எழுத யாருக்கும் பெயின்ட்தான் செலவு. பணம் கட்டும் முன் அந்த நிறுவனத்தின் பெயர் கவுன்சிலின் பட்டியலில் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள்.

குரூப் கேட்டதற்குக் காரணம் உண்டு. பி.எஸ்சி.க்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்க வேண்டும். இவர் காமர்ஸ். ஜி.என்.எம்.முக்கு எந்த குரூப்பும் சரி, ஆங்கிலத்திலும் மொத்தத்திலும் 40 சதவீதம் வேண்டும். முடித்துப் பதிந்த பிறகு, ஜி.என்.எம். முடித்தவர்களுக்கான இரண்டு வருஷ போஸ்ட் பேசிக் படிப்பைப் படித்தால் பி.எஸ்சி. நர்சிங் பட்டம். ஆனால் ஜி.என்.எம். சேர வயது வரம்பு 35. ஏற்கெனவே ஏ.என்.எம். பதிவு உள்ளவர்களுக்கு மட்டும் வரம்பு இல்லை. ஆக, இவருக்கு அது கடைசி பஸ். ஏறிவிட்டார்.

முதல் வருஷ வார்டில் ஒரு பாட்டிக்குப் படுக்கையிலேயே உடம்பு துடைக்கச் சொன்னேன். பதினெட்டு வயதுப் பிள்ளைகள் டவலைப் பிடித்தபடி ஒருவரையொருவர் பார்த்தார்கள். இவர் முதலில் ஸ்கிரீனை இழுத்தார், புறங்கையில் தண்ணீரின் சூடு பார்த்தார், அப்புறம்தான் போர்வையில் கை வைத்தார். அதை யாரும் சொல்லித் தரவில்லை.

டிரிப்பில்தான் தகராறு. இதயம் பலவீனமான பெரியவர் ஒருவருக்கு 500 மில்லி, எட்டு மணி நேரத்தில் போக வேண்டும். எங்கள் டிரிப் குழாய் செட்டில் மில்லிக்கு 20 சொட்டு, ஆக நிமிஷத்துக்கு 21 சொட்டு. இவர் கண் மதிப்பில், சொட்டு வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ரோலரைத் திருகிவிட்டு நகர்ந்தார். வாட்சை வைத்து எண்ணினேன், 40-ஐத் தாண்டியது. நாலு மணி நேரத்தில் மொத்தமும் இறங்கினால் அந்த மாதிரி நோயாளிக்கு நுரையீரலில் நீர் கோக்கும். "எட்டு வருஷமா இப்படித்தான் மேடம் விடுறேன்" என்றார். அதுதான் பயமாக இருந்தது. புதிதாக வருகிற பிள்ளைக்குச் சொல்லித் தந்தால் போதும், இவருக்குப் பழகியதை மறக்கடிக்கவும் வேண்டியிருந்தது. பல மாதம் பிடித்தது.

வீட்டில் சேருமுன்பே பேசிவிட வேண்டியது ஃபீஸ் மட்டுமல்ல, வருகைப் பதிவும்தான். தியரிக்கு 80 சதவீதம் போதும். வார்டு நாட்களை மட்டும் ஒன்றுவிடாமல் முடித்தால்தான் சான்றிதழ். குழந்தைக்குக் காய்ச்சல், நாத்தனார் கல்யாணம், எதுவானாலும் விட்ட நாளைத் திரும்பச் செய்தாக வேண்டும். இவருக்கு இப்போது ஆறு நாள் பாக்கி. லீவில் வந்து முடிப்பதாகச் சொல்லியிருக்கிறார், அதில் இரண்டு நைட் டியூட்டி.