நழுவிய ஒரு கண்ணி ஏன் கீழே ஓடுகிறது?

குளச்சலிலோ முட்டத்திலோ கடற்கரையில் உட்கார்ந்து வலை சரிசெய்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். வலையில் ஒரு இடம் அறுந்தால் ஓட்டை அங்கேயே நிற்கும், பக்கத்துக் கண்ணிகள் அசையாது, ஏனென்றால் கண்ணிகள் சேரும் இடமெல்லாம் முடிச்சு. அதே ஊரில் ஒருவர் உல்லன் நூலில் பேரனுக்குத் தொப்பி பின்னும்போது ஊசியிலிருந்து ஒரே ஒரு கண்ணி நழுவினால், அது நேர்கீழாக வரிசை வரிசையாக அவிழ்ந்துகொண்டே போகும். இரண்டு ஊசிப் பின்னலில் முடிச்சே கிடையாது என்பதுதான் காரணம்.

மொத்தத் துணியும் ஒரே நூல். கீழ்வரிசைக் கண்ணிக்குள் மேல்வரிசைக் கண்ணி நுழைந்து நிற்கிறது, அவ்வளவுதான். ஆக, ஒவ்வொரு கண்ணியையும் பிடித்து வைத்திருப்பது அதற்கு மேலே உள்ள கண்ணி, கடைசி வரிசையைப் பிடித்திருப்பது ஊசி. ஊசி விட்டால் மேல்கண்ணி கீழ்க்கண்ணியிலிருந்து உருவிக்கொள்ளும், உடனே அந்தக் கீழ்க்கண்ணியைப் பிடிக்க ஆள் இல்லை. ஒரே ஒரு கொக்கி ஊசியால் பின்னும் குரோஷாவில் இந்தத் தொல்லை குறைவு, எந்த நேரமும் ஒரே ஒரு கண்ணிதான் திறந்திருக்கும். ஆங்கிலேய மிஷனரி மார்த்தா மால்ட் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாகர்கோவிலில் கற்றுக்கொடுத்த லேஸ் வேறு வகை, அதில் பல நூல்கள் ஒன்றையொன்று முறுக்கிக் கடக்கின்றன.

சரி, நழுவிவிட்டது. பதறி எல்லாவற்றையும் பிரிக்க வேண்டாம். கண்ணி ஓடிய வழியில் ஏணிப்படி மாதிரி குறுக்கு நூல்கள் நிற்கின்றனவே, அவை ஒவ்வொன்றும் அவிழ்ந்த ஒரு கண்ணியின் நூல்தான். துணியின் நிட் பக்கத்தை (கண்ணிகள் V வடிவில் தெரியும் பக்கம்) உங்களைப் பார்த்து வைத்து, குரோஷா ஊசியை முன்னாலிருந்து அடியில் கிடக்கும் கண்ணிக்குள் விட்டு, அதற்கு நேர்மேலே உள்ள படியைப் பிடித்து முன்பக்கம் இழுங்கள். அது புதுக் கண்ணி. அப்படியே படி படியாக மேலே வந்து, அதன் வலது கால் (கண்ணியின் வலது பக்க நூல்) ஊசிக்கு முன்னால் இருக்கும்படி கண்ணியை ஊசியில் மாட்டுங்கள். மாற்றி மாட்டி அப்படியே பின்னினால் கண்ணியின் அடி குறுக்காக முறுக்கிக்கொள்ளும், அந்த இடம் மற்றதைப் போல நீளாது. ஒரு சிக்கல் மட்டும் உண்டு: நழுவியதைக் கவனிக்காமல் மேலே பல வரிசை பின்னியிருந்தால், அந்த வரிசைகளில் இந்தக் கண்ணிக்கென்று நூல் விடப்பட்டிருக்காது, ஏற்றிய வரிசை இறுக்கமாக இழுத்து நிற்கும். அப்போது இருபக்கக் கண்ணிகளிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நூலைத் தள்ளிவிட வேண்டியதுதான்.

ஊசியில் கண்ணிகளின் எண்ணிக்கை தானாகக் கூடுவதற்குப் பெரும்பாலும் நூல் போகும் வழிதான் காரணம். நிட்டிலிருந்து (நூலைப் பின்னால் வைத்துப் பின்னுவது) பர்லுக்கு (நூலை முன்னால் வைத்துப் பின்னுவது) மாறும்போது நூல் இரண்டு ஊசிகளுக்கும் நடுவே வர வேண்டும், ஊசிக்கு மேலாக வந்தால் ஒரு கள்ளக் கண்ணி, அடியில் ஒரு ஓட்டை. அடுத்த வரிசையிலேயே கண்டுபிடித்தால் அதை ஊசியிலிருந்து விட்டுவிடலாம். வரிசையின் தொடக்கத்தில் நூலை ஊசிக்கு மேலே பின்பக்கம் இழுத்தால் முதல் கண்ணியின் இரண்டு கால்களும் எழும்பி இரண்டு கண்ணிகளாகத் தெரியும். நூலைக் கீழே இறக்கி, ஊசிக்கு அடியில் கொண்டுபோனால் சரியாகிவிடும்.

நழுவினாலும் எவ்வளவு வேகமாக ஓடும் என்பது நூலின் உராய்வைப் பொறுத்தது. ஆட்டு ரோமத்தின் மேற்பரப்பில் நுண்ணிய செதில்கள் உண்டு, ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். வழவழப்பான பருத்தி நூல் சட்டென்று இறங்கிவிடும். நம் ஊர்ப் புழுக்கத்தில் கை வேர்த்தால் நூல் அலுமினிய ஊசியில் ஒட்டி ஒட்டி நகரும், கை தானாக இறுக்கும், இறுகிய கண்ணிக்குள் முனையைக் குத்தும்போது நூல் பிளந்துகொள்ளும். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு நான் மூங்கில் ஊசியைத்தான் சொல்வேன், அதில் கண்ணிகள் சீக்கிரம் வழுக்காது.

சிக்கலான டிசைன் என்றால் சில வரிசைக்கு ஒருமுறை, ஊசியில் உள்ள எல்லாக் கண்ணிகளுக்குள்ளும் வேறு நிற மெல்லிய நூல் ஒன்றைக் கோர்த்து விட்டுவிடுங்கள். பிறகு எவ்வளவு பிரித்தாலும் அவிழ்வது அந்த நூலோடு நின்றுவிடும். வேலையைப் பாதி வரிசையில் வைத்துவிட்டு எழுந்தால், திரும்ப எடுக்கும்போது உருண்டையிலிருந்து நூல் வரும் ஊசி வலது கையில் இருக்கட்டும், இல்லையென்றால் வந்த வழியே திரும்பிப் பின்னி நடுவில் ஓட்டை விழும்.

அப்புறம், ஒரு பக்கம் முழுக்க நிட்டாகத் தெரியும் துணி ஓரத்தில் சுருண்டால் அதைத் தவறு என்று பிரிக்காதீர்கள். அந்தப் பின்னலில் முன்னும் பின்னும் நூல் ஒரே மாதிரி வளைவதில்லை, அதனால் பக்க ஓரங்கள் பின்னாலும் மேல் கீழ் ஓரங்கள் முன்னாலும் சுருளும். ஓரத்தில் சில கண்ணிகளை எல்லா வரிசையிலும் நிட்டாகவே பின்னினால் பெருமளவு படிந்துவிடும்.