மொழிப் பட்டினி

காது கேளாத குழந்தைகளைப் பற்றிய ஆங்கில எழுத்துகளில் 'லாங்வேஜ் டிப்ரிவேஷன்' என்ற தொடர் அடிக்கடி கண்ணில் படும். பிறந்ததிலிருந்து சுமார் ஐந்து வயதுவரை, மூளை மொழியைத் தானாகவே உள்வாங்கும் பருவத்தில், முழுசாக எட்டக்கூடிய ஒரு மொழிகூடக் குழந்தைக்கு வாய்க்காமல் போவதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். பேச்சு காதில் விழாது. சைகை மொழியைக் காட்ட ஆளிருக்காது. காது கேளாத குழந்தைகளில் பத்துக்கு ஒன்பதுக்கும் மேல் காது கேட்கும் பெற்றோருக்கே பிறக்கின்றன என்பது அமெரிக்கக் கணக்கு. அந்தப் பெற்றோரில் பலர் அதுவரை சைகை மொழி பேசும் ஒருவரைக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

டிப்ரிவேஷனுக்கு வேர் லத்தீனில் இருக்கிறது. 'பிரிவாரே' என்றால் ஒருவரிடமிருந்து ஒன்றைப் பறிப்பது. 'பிரைவேட்' என்ற சொல்லும் அந்தக் குடும்பம்தான். நம்முடைய 'பிரி'யோடு ஒலி ஒத்துப்போவது தற்செயல், உறவு கொண்டாட வேண்டாம். கைக்குழந்தைகளைப் பேச்சே கேட்காமல் வளர்த்துப் பார்த்த பழைய சோதனைகளுக்கும் ஆங்கிலத்தில் இதே பெயர்தான். அக்பர் அப்படி ஒன்றைச் செய்தார். குழந்தைகளைப் பேசாத தாதிகளிடம் ஒப்படைத்து ஒரு வீட்டில் வைத்தார். அந்த வீட்டுக்கு 'கூங் மகால்', அதாவது ஊமை மாளிகை, என்று பெயர் வந்தது. சில ஆண்டுகள் கழித்துப் போய்ப் பார்த்தபோது குழந்தைகளிடம் வெறும் ஒலிகள்தான் இருந்தன.

மனநல மருத்துவர்கள் இந்தத் தொடரை எடுத்துக்கொண்டது பிற்பாடு. எது முன்னால் நடந்தது, எதனால் எது நடந்தது, அடுத்தவருக்கு என்ன தெரியும் என்ன தெரியாது என்பதையெல்லாம் கோக்க முடியாமல் தடுமாறும் காது கேளாத பெரியவர்களைப் பார்த்தார்கள். அறிவுக்குறை என்று எழுதப்பட்டிருந்த பலருக்கு உண்மையில் காலத்தில் மொழி கிடைக்கவில்லை.

குழந்தைகள் நலத்துறையில் இது எங்கே வந்து இடிக்கிறது? ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தியைக் குழந்தைகள் நலக் குழுவின் முன் உட்கார வைத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இந்தியச் சைகை மொழி தெரிந்த மொழிபெயர்ப்பாளரும் வந்திருக்கிறார். "யார் அடித்தது, மாமாவா?" தலையாட்டுகிறாள். "அம்மாவா?" அதற்கும் தலையாட்டுகிறாள். அவளுக்குத் தெரிந்தது வீட்டுச் சைகை மட்டும். மீசையை முறுக்கினால் தாத்தா, மூக்குத்தி இடத்தைத் தொட்டால் அத்தை. 'நேற்று', 'முன்பு' எல்லாம் அதில் இல்லை. தலையாட்டலைச் சாட்சியமாக எழுதிவிட்டால் ஒரு குடும்பமே சிதறும். காது கேளாத பெரியவர் ஒருவர் நடுவில் உட்கார்ந்து, படம் வரைந்து, நடித்துக் காட்டி, அவளுடைய சைகைகளைப் பிடித்துக்கொண்டு கேட்டால் விஷயம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டுப் போக்சோ சட்டம், அந்த வகை வழக்குகளில், இப்படிப்பட்ட உதவிக்கு இடம் தருகிறது. குறைபாடுள்ள குழந்தையிடம் வாக்குமூலம் வாங்கும்போது அந்தக் குழந்தை பேசும் விதம் அறிந்தவரின் உதவியை நாடலாம் என்கிறது அதன் 26-ஆம் பிரிவு.

சரி, தமிழில் என்ன சொல்வது? சட்டென்று 'மொழி இழப்பு' என்றுதான் கை எழுதும். ஆனால் இழக்க முதலில் இருந்திருக்க வேண்டுமே. புலம்பெயர்ந்த பேரன் தமிழை மறந்தால் அது மொழி இழப்பு. 'மொழியின்மை' என்றால் குழந்தையின் உடம்பிலேயே ஏதோ குறை என்பதுபோல ஆகிவிடும். 'மொழி மறுப்பு' கேட்க உறுதியாக இருக்கிறது, போராட்டப் பலகைக்குப் பொருந்தும். விசாரணை அறிக்கையில் எழுதினால் மறுத்தவர் யார் என்று விரல் நேராகத் தாயிடம் போகும். "சைகை காட்டினால் பேச்சு வராது" என்று வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர் சொன்னதை நம்பி, கையைக் கட்டிக்கொண்டு இருந்தவளாக அவள் இருக்கலாம்.

எனக்குப் பிடித்தது 'மொழிப் பட்டினி'. கவிதைச் சொல் என்று ஒதுக்க வேண்டாம், 'பட்டினிச் சாவு' அரசுக் கோப்புகளிலேயே புழங்கும் சொல்தான். ஒரு பிள்ளை பட்டினி கிடந்தது என்றால், சோறு ஏன் போய்ச் சேரவில்லை என்றுதான் முதலில் கேட்போம். பெற்றவள் குற்றவாளியா என்பது அப்புறம் வரும் கேள்வி.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் கிட்டத்தட்ட இந்த வரிசையில்தான் நிற்கிறது. குறைபாட்டைக் காரணம் காட்டிக் குழந்தையைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கக் கூடாது, குழந்தையின் நலனுக்குத் தேவையென நீதிமன்றம் ஆணையிட்டாலொழிய, என்கிறது 9-ஆம் பிரிவு. "பெற்றோர் மொழி கற்றுத்தரவில்லை" என்று எழுதினால் அடுத்த வரி விடுதியைத் தேடும். "குழந்தை ஆறு வயதுவரை மொழிப் பட்டினியில் இருந்துள்ளது, சைகை மொழி பற்றிக் குடும்பத்துக்கு யாரும் சொல்லவில்லை" என்று எழுதினால், சைகை ஆசிரியர் ஒருவரை அந்த வீட்டுக்கு அனுப்பச் சொல்லித்தான் பரிந்துரை தொடங்கும்.