மாடிப்படி சுவர்ல மட்டும் ஏன் இவ்ளோ அலையும் விரிசலும்?

புது வீட்டுல ஹால் பெட்ரூம் எல்லாம் பளிச்சுன்னு இருக்கும், மாடிப்படி ஏறும்போது மட்டும் சுவர் அலை அலையா தெரியும், ஸ்லாப் முட்டுற இடத்துல ஹேர் கிராக் (முடி மாதிரி மெல்லிசான விரிசல்) ஓடியிருக்கும். அதே கொத்தனார், அதே சிமெண்ட், அதே எம் சாண்ட் தானே, அப்புறம் எப்படி?

முதல் காரணம் வெளிச்சம். ஹால்ல வெளிச்சம் சுவர் மேல நேரா விழுது, அதனால சின்ன மேடு பள்ளம் கண்ணுக்கே தெரியாது. மாடிப்படியில ஹெட்ரூம் (மொட்டை மாடியில படி முடியுற இடத்து மேல கட்டுற சின்ன ரூம்) பக்கத்துல இருந்து வர்ற வெளிச்சம் சுவரை உரசிக்கிட்டே கீழ இறங்குது. 5 டிகிரி சாய்வுல ஒளி வந்தா வெறும் 1 மில்லிமீட்டர் மேடு கிட்டத்தட்ட 11 மில்லிமீட்டர் நீளத்துக்கு நிழல் போடும். ராத்திரி செல்போன் டார்ச்சை சுவரோட ஒட்டிப் பிடிச்சுப் பாருங்க, புரிஞ்சிடும்.

சரி, மேடு எப்படி வந்துச்சு? இந்தச் சுவர் ரெண்டு மாடி உயரம், சாரம் கட்டி கட்டம் கட்டமா தான் பூச முடியும். நேத்து பூசின ஓரம் காய்ஞ்சு இருக்கும், இன்னைக்கு அதுல புதுக் கலவையை ஒட்டுவாங்க, அந்த ஜாயிண்ட் தான் மேடாவோ விரிசலாவோ நிக்குது. தூக்குக்குண்டு விட்டு மேல இருந்து கீழ வரைக்கும் அளவுப் புள்ளி வைக்காம பூசினா ஒவ்வொரு கட்டமும் அதோட போக்குல போயிடும்.

அடுத்தது தண்ணி, இதை தான் யாரும் கண்டுக்கிறதே இல்ல. சிமெண்ட் காய்ஞ்சு இறுகுறது இல்ல, தண்ணியோட வினை புரிஞ்சு இறுகுது. உள்பூச்சு வெறும் 12 மில்லி கனம், பின்னாடி நனைக்காத செங்கல் உறிஞ்சும் (எடையில 20 சதவீதம் வரைக்கும் தண்ணி குடிக்கிற செங்கல்லை இந்தியத் தர நிர்ணயமே அனுமதிக்குது), முன்னாடி காத்து உறிஞ்சும். அதுலயும் மாடிப்படி ஒரு புகைபோக்கி மாதிரி, சூடான காத்து மேல ஏறி ஹெட்ரூம் கதவு வழியா வெளிய போய்க்கிட்டே இருக்கும், அதனால இங்க பூச்சு சீக்கிரமா காயும். வினை முடியறதுக்குள்ள தண்ணி போனா பூச்சு சுருங்கி வலை வலையா வெடிக்கும். உயரத்துல இருக்குற சுவருக்கு சாரம் பிரிச்சதுக்கு அப்புறம் எவன் 7 நாள் தண்ணி அடிக்கப் போறான்! மேல சிமெண்ட் தூவி மணியாஸ் கட்டையால (பூச்சைச் சமன் பண்ற மரப் பலகை) தேய்தேய்னு தேய்ச்சாலும் இதே கதை தான், சிமெண்ட் அதிகமான மேல் தோல் உள்ள இருக்குறதை விட அதிகமா சுருங்கும்.

கிடைமட்டமா நேர் கோடா ஓடுற விரிசல் வேற ரகம். லேண்டிங் ஸ்லாப், பீம் எல்லாம் கான்கிரீட், சுவர் செங்கல். சூடானா கான்கிரீட் செங்கல்லை விட ஏறக்குறைய ரெண்டு மடங்கு விரியும். 3 மீட்டர் கான்கிரீட் 20 டிகிரி சூடேறினா அரை மில்லிக்கு மேல நீளும், செங்கல் அவ்ளோ நீளாது, நடுவுல மாட்டின பூச்சு தான் கிழியும். வெயில் நேரா அடிக்கிற ஹெட்ரூம் ஸ்லாப்புக்குக் கீழ இது வராத வீடு ரொம்பக் கம்மி. பூசுறப்பவே ஜாயிண்டுக்கு ரெண்டு பக்கமும் 150 மில்லி விட்டு சிக்கன் மெஷ் (மெல்லிய கம்பி வலை) அடிச்சிருந்தா அந்த இழுவை ஒரே கோட்டுல விழாம பரவியிருக்கும்.

இப்போ விரிசல் வந்துடுச்சுன்னா உடனே பட்டி பார்த்து பெயிண்ட் அடிச்சிடுவாங்க, எனக்கு இதைப் பார்த்தா வயிறு எரியும். பட்டி ரெண்டு கோட்டு சேர்ந்தாலே ஒன்றரை மில்லி தான், கீழ இருக்குற அசைவை அது எப்படித் தாங்கும்? முதல்ல ஒரு நாணயத்தால சுவரைத் தட்டிக்கிட்டே படி ஏறுங்க. கணீர்னு கேட்டா பூச்சு பிடிச்சிருக்கு, வலை விரிசலா இருந்தா பட்டியே போதும். டொக்குன்னு கேட்டா செங்கல்லை விட்டு விலகிடுச்சு, அந்த இடத்தை வெட்டி எடுத்து, பூச்சு பிடிக்கிற மாதிரி சுவரைக் கொத்தி விட்டு, நல்லா நனைச்சு தான் திரும்பப் பூசணும். ஜாயிண்ட் விரிசல்னா பூச்சை நீக்கிட்டு மெஷ் வைக்கணும். உப்பு பூத்திருந்தா ஹெட்ரூம் தளத்துல எங்கயாவது தண்ணி இறங்குதான்னு பாருங்க, அதை அடைக்காம கீழ எத்தனை கோட்டு அடிச்சாலும் அடுத்த மழைக்கு உரிஞ்சு வந்துடும்.