டெண்ட்ரைட்: கணக்குப் போடும் கிளை

தேவதாரு என்ற பெயரில் 'தாரு' என்பது வடமொழியில் மரம். கிரேக்கத்தில் மரத்துக்கு 'டென்ட்ரான்' என்று பெயர். இரண்டையும் ஒரே வேரில் பிறந்த சொற்களாகவே மொழிநூலார் வைக்கிறார்கள். கொடைக்கானலிலும் நீலகிரியிலும் சிவப்பாகப் பூத்து நிற்கும் ரோடோடென்ட்ரான் என்றால் ரோசா மரம். வீட்டில் தொட்டியில் வளர்க்கிறோமே பிலோடென்ட்ரான், அது மரத்தை நேசிக்கும் செடி. காட்டில் மரத்தைப் பற்றி ஏறுவதால் அந்தப் பெயர். மூளையின் நரம்பு செல்லிலிருந்து கிளைவிட்டு நீளும் டெண்ட்ரைட்டும் இந்தக் குடும்பத்துச் சொல்தான். 'மரத்தைச் சேர்ந்தது, மரம் போன்றது' என்பது அதன் நேர்ப்பொருள்.

மூளைக்கு வருவதற்கு முன் இந்தச் சொல் கல்லில் இருந்தது. சிலவகைச் சுண்ணாம்புக் கல்லைப் பிளந்தால் உள்ளே பெரணி இலை பதிந்ததுபோல் கறுப்பாக ஒரு கோலம் தெரியும். பார்த்ததும் பழைய தாவரத்தின் படிமம் என்றுதான் தோன்றும். உண்மையில் அது கல்லின் வெடிப்பில் கசிந்த நீர் விட்டுப்போன மாங்கனீசு ஆக்சைடு. ஜெர்மனியின் சோல்ன்ஹோஃபன் கற்களில் இது நிறைய உண்டு. கனிமவியலார் இதை டெண்ட்ரைட் என்றார்கள். லித்தியம் பேட்டரிக்குள் கிளைவிட்டு வளர்ந்து பேட்டரியைக் கெடுக்கும் உலோக இழைக்கும் இன்று அதே பெயர்தான்.

நரம்பு செல்லுக்கு வருவோம். அதன் உடலிலிருந்து புறப்படும் நீட்சிகள் எல்லாம் ஒரே வகை அல்ல, நீளமாகப் போகும் ஒன்று தனி, குட்டையாகப் பலவாய்க் கிளைப்பவை தனி என்று பிரித்துக் காட்டியவர் ஜெர்மானியரான ஓட்டோ டைட்டர்ஸ். 29 வயதில் இறந்துபோனார். அவருடைய நூல் 1865-இல்தான் வெளியானது. கிளைப்பவற்றை அவர் 'புரோட்டோபிளாச நீட்சிகள்' என்றார். 1873-இல் இத்தாலியில் காமில்லோ கோல்ஜி, மருத்துவமனையின் சமையலறை ஒன்றை ஆய்வுக்கூடமாக்கி, பொட்டாசியம் டைகுரோமேட்டும் வெள்ளி நைட்ரேட்டும் கொண்டு செல்லைக் கறுப்பாக்கும் முறையைக் கண்டுபிடித்தார். அந்தச் சாயம் ஆயிரக்கணக்கான செல்களில் ஒன்றிரண்டை மட்டும் பிடிக்கும். ஆனால் பிடித்த செல்லை வேர்முதல் நுனிவரை காட்டிவிடும். அடர்ந்த காட்டில் ஒரே ஒரு மரத்துக்கு மட்டும் கறுப்பு வண்ணம் பூசியதுபோல. அப்படித் தனியாகத் தெரிந்தபிறகு அதை மரம் என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது? 1889-இல் வில்ஹெல்ம் ஹிஸ் 'டெண்ட்ரைட்' என்று பெயரிட்டார். நரம்பு செல்லைக் குறிக்கும் 'நியூரான்' என்ற சொல் வந்ததே அதற்கு இரண்டு ஆண்டு கழித்துத்தான்.

ஹிஸ் உருவத்தைப் பார்த்துப் பெயர் வைத்தார், வேலையைப் பார்த்து அல்ல. அது நல்லதாகப் போயிற்று. ஏனென்றால் அப்போது வேலை யாருக்கும் சரியாகத் தெரியாது. இந்தக் கிளைகள் செல்லுக்கு உணவு ஊட்டுகின்றன என்று கோல்ஜி நம்பினார். அதை வைத்து 'ஊட்டிழை' என்று யாராவது பெயர் சூட்டியிருந்தால் இன்றுவரை அந்தப் பிழையைச் சுமந்துகொண்டிருப்போம். சேதி கிளைகள் வழியாக உள்ளே வருகிறது, நீளமாகப் போகும் அந்த ஒற்றை நீட்சியான ஆக்சான் வழியாக வெளியே போகிறது என்று திசையைச் சொன்னவர் ஸ்பெயினின் சாந்தியாகோ ரமோன் இ கஹால். 1906-இல் நோபல் பரிசை இருவரும் பகிர்ந்துகொண்டார்கள், கருத்து ஒத்துப்போகாமலே.

கஹால் காட்டிய திசையிலிருந்து நெடுநாள் நிலைத்த ஒரு படம் உருவானது. நம் ஊர் ஏரியை வைத்துச் சொன்னால் எளிது. கிளைகள் வரத்துக்கால்கள்; செல்லின் உடல் ஏரி; ஆக்சான் வெளியே போகும் வாய்க்கால். பல திசையிலிருந்தும் நீர் வந்து சேரும், மட்டம் கலிங்கைத் தொட்டால் வழியும், தொடாவிட்டால் இல்லை. வரத்துக்காலுக்குச் சொந்தப் புத்தி கிடையாது, அது கொண்டுவந்து கொட்டுவதோடு சரி. 1943-இல் மெக்கல்லக்கும் பிட்ஸும் எழுதிய கணித நியூரான் ஏறக்குறைய இதுதான். இன்றைய செயற்கை நரம்பு வலைகளும் அந்தப் படத்திலிருந்தே கிளம்பியவை. பள்ளிப் பாடநூலில் டெண்ட்ரைட்டுக்கு 'தூண்டலைப் பெற்றுக் கடத்தும்' என்று ஒரே வரி இருப்பதும் இதனால்தான்.

அந்த ஒரு வரி போதாது என்பதே இதை எழுதக் காரணம்.

முதலில், வரத்துக்கால் ஒழுகும். கிளையின் நுனியில் விழும் மின்சேதி செல்லுடலுக்கு வந்து சேர்வதற்குள் மெலிந்து, அகன்று, தாமதமாகிவிடும். கடலடித் தந்திக் கம்பிகளுக்காக 19-ஆம் நூற்றாண்டில் கெல்வின் போட்ட கணக்கையே எடுத்து, வில்ஃபிரிட் ரால் 1950-களின் முடிவிலிருந்து டெண்ட்ரைட்டுகளுக்குப் பொருத்திக் காட்டினார். அதிலிருந்து ஓர் அழகான முடிவு வந்தது. ஒரே கிளையில் வரிசையாக நாலைந்து இடங்களைத் தட்டுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நுனியில் தொடங்கி உடலை நோக்கித் தட்டினால், முன்னே கிளம்பியது வந்து சேரும் நேரத்தில் பின்னே கிளம்பியதும் சேர்ந்துகொள்ளும், அலை பெரிதாகும். உடலருகே தொடங்கி நுனியை நோக்கித் தட்டினால் அப்படிச் சேராது. தட்டுகள் அதே தட்டுகள்தான், வரிசை மட்டும் வேறு, பலனும் வேறு. ரால் இதை 1964-இல் கணக்காகச் சொன்னார். 2010-இல் லண்டனில் பிராங்கோ, கிளார்க், ஹாய்சர் ஆகியோர் எலியின் மூளைத் துண்டில் ஒற்றைக் கிளையின்மேல் லேசர் ஒளியால் ஒவ்வோர் இடமாகத் தூண்டி, அதை நேரிலேயே காட்டினார்கள். வரிசை வேறுபாட்டை ஒற்றைக் கிளையே கண்டுகொள்கிறது.

இரண்டாவது, கிளைகளில் மதகுகள் உண்டு. என்எம்டிஏ ஏற்பி என்ற ஒரு வாயில் இரட்டைப் பூட்டுப் போட்டது. ஒரு பூட்டை, செல்கள் சேதி அனுப்பப் பயன்படுத்தும் வேதிப்பொருளான குளூட்டமேட் திறக்கும். மற்றொன்று வாயிலில் அடைத்துக்கொண்டிருக்கும் மக்னீசியம் அயனி; அந்த இடத்தில் மின்னழுத்தம் ஏற்கெனவே ஏறியிருந்தால்தான் அது விலகும். ஆகத் தனியாக வரும் ஒரு சேதியால் இந்த வாயில் திறக்காது. அக்கம்பக்கத்தில் உள்ள இணைப்புகளும் ஒரே நேரத்தில் துடித்தால் திறந்துகொள்ளும். திறந்ததும் அந்தக் கிளையில் மட்டும் பெரிய துடிப்பு ஒன்று எழும். அதே அளவு சேதிகள் பத்துக் கிளைகளில் சிதறி விழுந்தால் ஒன்றும் நடக்காது. மூளையின் மேலுறையான புறணியில் உள்ள ஒரு செல்லுக்கு வந்து சேரும் இணைப்புகள் சுமார் 10,000. அவற்றில் எது எதன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பது கணக்கையே மாற்றுகிறது.

மனித மூளையில் இன்னொரு வியப்பு இருந்தது. வலிப்பு, கட்டி ஆகியவற்றுக்கு அறுவை செய்யும்போது நீக்கப்பட்ட புறணித் துணுக்குகளை 2020-இல் கிடோனும் லார்கமும் மற்றவர்களும் ஆராய்ந்தார்கள். மேலடுக்குச் செல்களின் கிளைகளில் கால்சியத்தால் எழும் ஒரு துடிப்பு, தூண்டல் அளவாக இருக்கும்போது உச்சத்தில் நின்றது. தூண்டலைக் கூட்டினால் குறைந்தது. மாடிப்படி விளக்கை நினைத்துப் பாருங்கள். கீழே ஒரு சுவிட்ச், மேலே ஒரு சுவிட்ச். ஏதாவது ஒன்றைத் தட்டினால் எரியும், இரண்டையும் தட்டினால் அணைந்துவிடும். ஒற்றை அடுக்கு செயற்கை நரம்பு வலையால் இந்தக் கணக்கைப் போடவே முடியாது என்று 1969-இல் மின்ஸ்கியும் பேப்பர்ட்டும் நிறுவியிருந்தார்கள். ஒரு செல்லின் ஒரு கிளைக்குள்ளேயே அதற்கு வழி இருக்கிறது. 2021-இல் இஸ்ரேல் ஆய்வாளர்கள் எலியின் புறணிச் செல் ஒன்றின் கணினி மாதிரியை எடுத்துக்கொண்டு, அதன் நடத்தையைப் போலச்செய்ய எத்தனை அடுக்குச் செயற்கை வலை வேண்டும் என்று பார்த்தார்கள். 5 முதல் 8 அடுக்கு தேவைப்பட்டது. மாதிரியிலிருந்து என்எம்டிஏ ஏற்பிகளை எடுத்துவிட்டால் மிக எளிய வலையே போதுமானதாக இருந்தது.

சரி, இதற்குத் தமிழில் என்ன சொல்வது?

'டெண்ட்ரைட்' என்று ஒலிபெயர்த்து எழுதுவதில் தவறில்லை, பாடநூல்களும் அப்படித்தான் எழுதுகின்றன. ஆனால் அந்தச் சொல்லில் மரம் இருப்பது தமிழ் மாணவருக்குத் தெரியவே தெரியாது. 'நரம்புக்கிளை' என்று எழுதினால் குழப்பம் வரும். முக நரம்பு ஐந்து கிளைகளாகப் பிரிகிறது என்று மருத்துவர் சொல்லும்போது, அந்தக் கிளை ஒவ்வொன்றும் ஆக்சான்கள் சேர்ந்த கற்றை, டெண்ட்ரைட் அல்ல.

மரத்தின் பிரிவுகளுக்குத் தமிழில் சொல் பஞ்சம் இல்லை. அடிமரத்திலிருந்து பிரிவது கவை, கவையின் பிரிவு கொம்பு, அதிலிருந்து கிளை, அப்புறம் சினை, போத்து, குச்சு, இணுக்கு என்று பாவாணர் படிப்படியாகத் தொகுத்திருக்கிறார். நுனிக்கிளையில் விழும் சேதிக்கும் அடிக்கிளையில் விழும் சேதிக்கும் விதி வேறு என்று மேலே பார்த்தோம் அல்லவா? அதைச் சொல்ல இப்படி அடுக்கடுக்கான சொற்கள் இருப்பது பெரிய வசதி.

இவற்றில் எனக்கு முதலில் பிடித்தது 'சினை'. தொல்காப்பிய மரபியல் மரத்தோடு வரும் சொற்களில் கோடு, சினை இரண்டையும் வைக்கிறது. இலக்கணத்தில் சினை என்றால் ஒரு முழுமையின் உறுப்பு. மரக்கிளையும் உடலுறுப்பும் ஒரே சொல்லில் வருகின்றன, டெண்ட்ரைட்டுக்கு இதைவிடப் பொருத்தம் கிடைக்குமா! ஆனால் உயிரியலில் சினைமுட்டை, சினைப்பை என்று அது வேறு இடத்தில் உறுதியாக அமர்ந்துவிட்டது. 'நரம்புச்சினை' என்று எழுதினால் படிப்பவர் மனம் கருப்பைப் பக்கம்தான் போகும். மனமில்லாமல்தான் விட்டேன்.

ஆகவே கிளையிழை. மெல்லிய நீட்சி என்பதை 'இழை' சொல்லிவிடுகிறது. 'கிளை'க்கு இன்னொரு பொருளும் உண்டு: உறவு. கிளைஞர் என்றால் சுற்றத்தார். தென்மாவட்டங்களில் சில சமூகங்களில் சம்பந்தம் பேசும்போது 'எந்தக் கிளை' என்று கேட்பது வழக்கம். ஒரே கிளையில் அருகருகே இருக்கும் இணைப்புகள் சேர்ந்து துடித்தால்தான் வாயில் திறக்கும் என்ற விஷயத்துக்கு இந்த இரண்டாவது பொருள் தானாகவே வந்து பொருந்துகிறது. கிரேக்கச் சொல்லில் இது கிடையாது.

கிளையிழை என்று வைத்துக்கொண்டால் கூட்டுச்சொற்களும் சிரமமின்றி அமையும். ஒரு கிளைக்குள் மட்டும் எழும் துடிப்பு கிளைத்துடிப்பு. கிளையிழையின் மேல் சின்னச் சின்னதாக நீட்டிக்கொண்டிருப்பவற்றைக் கஹால் 1888-இல் கோழியின் சிறுமூளையில் பார்த்து, ஸ்பானிய மொழியில் 'முள்' என்ற பொருளிலேயே பெயரிட்டார். வெள்ளிச் சாயத்தின் படிவாக இருக்கும் என்று பலரும் அதை ஒதுக்கினார்கள். வேறொரு சாயத்திலும் அவை தெரிவதைக் காட்டி அவர் வாதாடினார். 1959-இல் எலக்ட்ரான் நுண்ணோக்கி அவர் பக்கம் பேசியது. அதைக் கிளைமுள் எனலாம். ரோசாச் செடியின் முள்ளைப்போல ஒரே இடத்தில் உறைந்து நிற்பதல்ல இது. உயிருள்ள எலியின் மூளையில் நாள்கணக்கில் பார்த்தபோது சில முட்கள் மறைந்தன, வேறிடத்தில் புதிதாகச் சில தோன்றின. ஆகவே வினைச்சொல்லையும் மரத்திடமே வாங்கிக்கொள்ளலாம்: கிளைமுள் முளைக்கிறது, கிளைமுள் உதிர்கிறது.