செம்புக் கம்பி தானா சுருங்குமா?

"தண்ணிக்குப் பரப்பு இழுவிசை இருக்குன்னு ஸ்கூல்ல படிச்சோம், செம்பு மாதிரி கெட்டியான பொருளுக்கும் அது உண்டா, எப்படி அளக்குறாங்க?"ன்னு ஒரு வாசகர் கேட்டிருந்தார். உண்டு. உள்ள இருக்குற அணுவுக்கு சுத்திலும் துணை இருக்கு, மேற்பரப்புல இருக்குறதுக்கு ஒரு பக்கம் காலி, அதனால புதுசா பரப்பு உண்டாக்கணும்னா ஆற்றல் செலவாகும். அதான் பரப்பு ஆற்றல்.

வழக்கமா ஒரு சொட்டு தண்ணி வெச்சு அது நிக்கிற கோணத்தைப் பார்ப்பாங்க. டெஃப்லான்ல சுமார் 110 டிகிரில உருண்டு நிக்கும், சுத்தமான கண்ணாடில பரவிடும். அந்தக் கோணத்துக்கும் பரப்பு ஆற்றலுக்கும் உள்ள தொடர்பை தாமஸ் யங்ங்கற இங்கிலாந்து விஞ்ஞானி 1805லயே சொல்லிட்டார். ஆனா சுத்தமான உலோகத்து மேல எதை விட்டாலும் பெரும்பாலும் பரவிடும், அப்புறம் கோணம் ஏது?

இங்கதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச சோதனை வருது. 1949ல உடின், ஷேலர், உல்ஃப் மூணு பேரும் முடி மாதிரி மெல்லிசான செம்புக் கம்பிகளைத் தொங்கவிட்டு, ஒவ்வொண்ணுலயும் வேற வேற குட்டி எடை கட்டி, உருகுநிலைக்குக் கொஞ்சம் கீழ மணிக்கணக்கா சூடாக்கினாங்க. செம்பு 1085 டிகிரி செல்சியஸ்லதான் உருகும், ஆனா அதுக்கு முன்னாடியே அணுக்கள் இடம் மாற ஆரம்பிச்சிடும். எடை அதிகமான கம்பி நீண்டுச்சு, எடை கம்மியானது சுருங்கிச்சு! எடையையும் மாட்டிக்கிட்டு கெட்டி உலோகம் தன் பரப்பைக் குறைக்கறதுக்காக மேல ஏறுது, யோசிச்சுப் பாருங்க. ரெண்டுக்கும் நடுவுல நீளவும் செய்யாம சுருங்கவும் செய்யாம நிக்குற ஒரு எடை இருக்கும்ல, அதான் விடை: அந்த எடையோட விசை = பை × ஆரம் × பரப்பு ஆற்றல். 0.1 மில்லிமீட்டர் தடிமன் கம்பிக்கு, சதுர மீட்டருக்கு 1.7 ஜூல்னு வெச்சா, சுமார் 27 மில்லிகிராம்தான் வரும்.

ஒரு திருத்தம் இருக்கு. சூட்டுல கம்பிக்குள்ள படிகங்கள் வளர்ந்து, மூங்கில் கணு மாதிரி குறுக்கே எல்லைகள் விழும். கம்பி சுருங்கித் தடிச்சா அந்த எல்லைகளும் அகலமாகும், அதுக்கும் ஆற்றல் வேணும், அதனால மைக்ராஸ்கோப்ல கணுக்களை எண்ணி அதையும் கணக்குல சேர்க்கணும்.

இப்ப கம்ப்யூட்டர்லயே போட்டுடலாம்: அணுக்களால ஒரு பலகை செஞ்சு அதோட ஆற்றல்ல இருந்து அதே எண்ணிக்கை அணுக்கள் உள்ள இருந்தா வர்ற ஆற்றலைக் கழிச்சு, பலகைக்கு மேல கீழ ரெண்டு பக்கம் இருக்குறதால பரப்போட ரெண்டு மடங்கால வகுக்கணும். ஆனா அந்த கணக்கு பெரும்பாலும் தனிச்சுழி வெப்பநிலைக்கு (அதாவது மைனஸ் 273 டிகிரி செல்சியஸ்), கம்பிச் சோதனையோ உருகுநிலைக்குப் பக்கத்துல, ரெண்டையும் அப்படியே ஒப்பிடக் கூடாது. அதனாலதான் சொல்றேன், கம்ப்யூட்டருக்குக் கொடுக்குற நிதில ஒரு பங்கு இந்த மாதிரி பொறுமையான அளவீட்டுக்கும் கட்டாயம் போகணும், கணக்கு சரியான்னு சொல்ல வேண்டியது அந்தக் கம்பிதானே.