பனி விழும் காலையில் கணினி ஏன் தடுமாறுகிறது?

ஊட்டியை அடுத்த தலைக்குந்தாவிலிருந்து ஒரு கல்லூரி மாணவர் எழுதியிருக்கிறார். கோயம்புத்தூரில் பாகங்களை ஒவ்வொன்றாக வாங்கி, பேருந்தில் மடியில் வைத்துக் கொண்டுவந்து, தானே பூட்டிய கணினி. மார்கழி, தை மாதங்களில் காலை ஆறு மணிக்கு ஆன் செய்தால் பத்து நிமிடத்துக்குள் நீலத்திரை வந்து நின்றுவிடுகிறது. மதியம் அதே கணினி மணிக்கணக்கில் பிசகாமல் ஓடுகிறது. விண்டோசை மூன்று முறை மாற்றிப் போட்டுப் பார்த்துவிட்டார். கண் பட்டுவிட்டது, எலுமிச்சம்பழம் கட்டு என்கிறாராம் பாட்டி. “ஊட்டியில காஸ்மிக் கதிர் ஆய்வகம் இருக்குல்ல, அதனாலதான்” என்கிறாராம் நண்பர். “இதில் எது சார் உண்மை?” என்று கேட்கிறார்.

நண்பர் சொன்னதில் பாதி சரி, பாதி தலைகீழ். ஊட்டி ஆய்வகம் கதிர் எதையும் உமிழ்வதில்லை; வானிலிருந்து வருவதைப் பிடித்து எண்ணுகிறது. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் நடத்தும் கிரேப்ஸ்-3 என்ற அந்தச் சோதனையில், காஸ்மிக் கதிர் காற்றில் மோதும்போது பிறக்கும் மியூவான் என்ற துகள்களை எண்ணுவதற்கு 560 சதுர மீட்டர் பரப்புள்ள கருவி இருக்கிறது. அதிலுள்ள ஆறு மீட்டர் நீள இரும்புக் குழாய்கள் ஒரு காலத்தில் கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில், புரோட்டான் சிதைகிறதா என்று பார்த்துக் காத்திருந்தவை. அங்கே வேலை முடிந்ததும் மலையேற்றிக் கொண்டுவந்து வேறொரு கேள்விக்குப் பயன்படுத்தினார்கள். 2014 டிசம்பர் 1 அன்று ஊட்டிக்கு மேலே வந்த இடிமேகத்துக்குள் சுமார் 130 கோடி வோல்ட் மின்னழுத்தம் இருந்ததை, மியூவான் எண்ணிக்கையில் விழுந்த சிறு குறைவை வைத்தே கணக்கிட்டார்கள். பழைய குழாயைக்கூட வீணாக்காமல் இவ்வளவு செய்கிறவர்களுக்கு இன்னும் தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதில் ஒரு பங்கை அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களை உள்ளே அழைத்துக் காட்டுவதற்கும் செலவிட வேண்டும். அப்போது இந்த மாதிரி பயமே எழாது.

சரியான பாதி இதுதான்: வானத்துத் துகள் கணினி நினைவகத்தைக் கெடுக்க முடியும். பெரும்பாலும் அது மியூவான் அல்ல, நியூட்ரான். சிலிக்கான் அணுக்கருவில் நியூட்ரான் மோதினால் சிதறும் துண்டுகள் மின்னூட்டத் தடம் ஒன்றை விட்டுச் செல்லும். அந்தத் தடத்தில் சிக்கிய ஒரு 1, 0 ஆகிவிடலாம். நீலகிரி உயரத்தில் தலைக்கு மேல் காற்று குறைவு என்பதால் கடற்கரை ஊரைவிட இங்கே நியூட்ரான்கள் சில மடங்கு அதிகம். ஆனால் அந்த நியூட்ரானுக்கு மணி ஆறா, பன்னிரண்டா என்று தெரியாது. எப்போதாவது ஒரு முறை, ஏதோ ஓர் இடத்தில் விழும். அதே இடத்துக்குத் திரும்பி வராது. தினமும் விடியற்காலையில் மட்டும் வரும் கோளாறுக்கு வானம் பொறுப்பல்ல. கூகுள் தன் கணினிகளை ஆராய்ந்து 2009-இல் வெளியிட்ட ஆய்வும் நினைவகப் பிழைகளில் பெரும்பங்கு இப்படித் தற்செயலாக வருவதல்ல, பாகத்திலேயே உள்ள குறையால் திரும்பத் திரும்ப வருவது என்றுதான் காட்டியது.

அப்படியானால் என்ன? கணினியின் நினைவகமான ரேமின் அடிப்படை பள்ளியில் படித்ததுதான். ஒரு மின்தேக்கி, அதற்கு ஒரு கதவாக டிரான்சிஸ்டர். 1966-இல் ஐபிஎம்மின் ராபர்ட் டென்னார்டுக்குத் தோன்றிய யோசனை, இன்றுவரை மாறவில்லை. 16 ஜிபி என்றால் சுமார் 13,700 கோடி மின்தேக்கிகள். எல்லாமே ஓட்டைக் குடங்கள். டிடிஆர்4 என்ற முந்தைய தலைமுறை ரேமில் 64 மில்லிவினாடிக்குள், அடுத்து வந்த டிடிஆர்5-இல் 32 மில்லிவினாடிக்குள் ஒவ்வொன்றையும் வாசித்து மறுபடி நிரப்பியாக வேண்டும். சூடு ஏற ஏறக் கசிவு கூடும், குளிரில் குறையும். அதாவது மின்னூட்டத்தைப் பிடித்து வைப்பதைப் பொறுத்தவரை மலைக்குளிர் ரேமுக்கு நல்லதுதான்.

எனவே நான் சந்தேகப்பட்டது குடத்தை அல்ல, வாய்க்காலை. என்னை வருடக்கணக்காக வியக்க வைக்கும் சங்கதி இங்கேதான் இருக்கிறது.

ரேமுக்கும் பிராசசருக்கும் நடுவே மதர்போர்டில் நெளிநெளியாக ஓடும் செப்புக் கோடுகளைப் பார்த்திருப்பீர்கள். நீளம் சமமாக வரவேண்டும் என்பதற்காகவே அந்த நெளிவு. ரேமின் வேகம் 6000 என்றால் ஒரு கோட்டில் வினாடிக்கு 600 கோடி பிட், அதாவது 0 அல்லது 1, போகும். ஒரு பிட் நிற்கும் நேரம் 167 பிக்கோவினாடி; ஒரு பிக்கோவினாடி என்பது வினாடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. அந்த நேரத்தில் ஒளியே ஐந்து சென்டிமீட்டர்தான் போகும். மின்னழுத்தம் ஏறவும் இறங்கவும் ஆகும் நேரத்தைக் கழித்தால், அந்த 167-இலும் நடுவில் ஒரு சிறு இடைவெளியில்தான் 0 எது, 1 எது என்று நிச்சயமாகச் சொல்ல முடியும். அலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வரைந்தால் அந்த இடைவெளி பாதி மூடிய கண்ணைப் போலத் தெரியும். பொறியாளர்களும் அதைக் கண் என்றே சொல்கிறார்கள்.

அந்தக் கண்ணின் நடு எங்கே இருக்கிறது என்று தொழிற்சாலையில் யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு போர்டிலும், ஒவ்வொரு ரேமிலும், ஒவ்வொரு கோட்டிலும் அது வேறு. அதனால் கணினி ஆன் ஆனதும், திரையில் எழுத்து வருவதற்கு முன்பே, நினைவகக் கட்டுப்படுத்தி ஒரு வேலை செய்கிறது. தனக்கு முன்பே தெரிந்த ஒரு வரிசையை எழுதி, திரும்ப வாசிக்கிறது. வாசிக்கும் கணத்தைத் துளித்துளியாக முன்னே நகர்த்துகிறது. பிழை தொடங்கும் இடம் ஒரு கரை. பின்னே நகர்த்துகிறது, மறுகரை. இரண்டுக்கும் நடுவில் போய் நிற்கிறது. பிறகு மின்னழுத்தத்தையும் இதேபோல மேலும் கீழும் நகர்த்தி நடுவைத் தேடுகிறது. ஒவ்வொரு கோட்டுக்கும் தனித்தனியாக. கச்சேரிக்கு முன் மிருதங்க வித்வான் தம்புராவைக் கேட்டபடி, கல்லும் கட்டையுமாகச் சுற்றிச் சுற்றித் தட்டிச் சுருதி சேர்ப்பாரே, அதேதான். இதற்கு மெமரி டிரெயினிங் என்று பெயர்.

மிருதங்கத் தோலுக்குக் குளிரும் ஈரமும் தெரியும். சிலிக்கானுக்கும் தெரியும். வெப்பம் மாறினால் டிரான்சிஸ்டரின் வேகம், செப்பின் மின்தடை எல்லாம் கொஞ்சம் மாறும்; கண்ணின் கரைகள் சில பிக்கோவினாடி நகரும். ஓடும்போதே இதைச் சரிக்கட்ட ரேமுக்குள் சில ஏற்பாடுகள் உண்டு, ஆனால் அவற்றுக்கும் எல்லை உண்டு. இந்தச் சுருதி சேர்ப்புக்கு டிடிஆர்5-இல் ஒரு நிமிடத்துக்கு மேல்கூட ஆகலாம். அவ்வளவு நேரம் கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டிருக்க யாருக்கும் பொறுமை இல்லை. அதனால் பல போர்டுகளின் பயாஸில் (கணினியை எழுப்பும் தொடக்க நிரலில்) மெமரி கான்டெக்ஸ்ட் ரிஸ்டோர் என்று ஒரு வசதி வைத்திருக்கிறார்கள்: முன்பு ஒரு நாள் கண்டுபிடித்த எண்களையே எடுத்து வைத்துக்கொள்ளும். கேபினெட் சூடாக இருந்த மதியத்தில் சேர்த்த சுருதியோடு, கண்ணாடியில் உறைபனி படிந்த காலையில் கச்சேரி.

அந்தத் தம்பிக்கு நான் எழுதியது இதுதான். விண்டோசைத் தொடாதே. ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ நிரலை ஒரு பென்டிரைவில் ஏற்றி, விடியற்காலை குளிரில் ஒரு முறை, மதியம் ஒரு முறை ஓட விடு. பிழை வந்தால் எத்தனை என்று எண்ணாதே, எங்கே என்று பார். ஒரே முகவரியில் திரும்பத் திரும்ப வந்தால் அந்த இடத்து மின்தேக்கி பலவீனம். ரேமை மாற்ற வேண்டியதுதான். ஒரே ஒரு முறை வந்து பிறகு வரவே இல்லையென்றால் வானத்தின் மீது சந்தேகப்படலாம். முகவரிகள் எங்கெங்கோ சிதறியிருந்தும், தப்பாகும் பிட் மட்டும் எப்போதும் அதே வரிசை எண்ணில் இருந்தால், கோளாறு அந்த ஒரு கோட்டில். பிறகு பயாஸில் ரேமின் வேகத்தை ஏற்றி வைக்கும் எக்ஸ்போ அல்லது எக்ஸ்எம்பியை அணைத்து, 4800-இல் அதே சோதனையைச் செய். அப்போது ஒரு பிட்டுக்கு 208 பிக்கோவினாடி கிடைக்கும். கண் அகலமாகத் திறக்கும்.

ரேமின் முனைகளை அழிரப்பரால் தேய்க்கச் சொல்லும் கடைக்காரர்களின் வைத்தியத்தையும் அவர் கேட்டிருந்தார். ரேமைக் கழற்றி மாட்டுவதே பல நேரம் பலன் தரும், ஏனென்றால் முனைகளில் படிந்த அழுக்கு உரசி விலகும். மஞ்சு புகும் வீடுகளில் அது சீக்கிரம் படியும். ஆனால் அந்தத் தங்கப் பூச்சு மிக மெல்லியது. ரப்பரால் தேய்த்தால் அழுக்கோடு தங்கமும் தேய்ந்துபோகலாம். ஐசோபுரொபைல் ஆல்கஹாலை மென்மையான துணியில் நனைத்துத் துடைத்தால் போதும். எலுமிச்சம்பழத்தை வாசலில் கட்டட்டும், பாட்டியின் மனம் நிறையும். கேபினெட்டுக்குள் மட்டும் வேண்டாம். அதன் சாறு செப்பை அரிக்கும். கற்பூரப் புகையும் விசிறிக்கு அருகில் வேண்டாம், புகைக்கரி உள்ளே போய்ப் படியும்.

இரண்டு வாரம் கழித்துத் திரையைப் படம் எடுத்து அனுப்பினார். காலை 5:50-க்கு எடுத்தது. முகவரிகள் கலைந்து கிடந்தன. பிழை பிட் என்ற இடத்தில் மட்டும் எல்லா வரியிலும் அதே எண். 4800-இல் ஒன்றுகூட இல்லை. ரிஸ்டோர் வசதியை அணைத்துவிட்டு 6000-க்கே திரும்பினார். நான்கு காலைகள் ஓட விட்டும் பிழை வரவில்லையாம். இப்போது ஆன் செய்ததும் திரை ஒரு நிமிடத்துக்கு மேல் கறுப்பாகவே நிற்கிறது. அந்த நேரத்தில் அடுப்படிக்குப் போய் டீ போட்டு எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறாராம்.